திறந்த கூரையும் தேர்ந்த ஆபத்தும்

தன் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை மனிதன் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாமா, அவ்வாறு ஏற்பவனைத் தடுக்கும் உரிமை சமூகத்திற்கு உண்டா என்னும் வினாக்கள் ஒழுக்கவியலிற் பழமையானவை. போர்வீரனையும் கடலோடியையும் மலையேறுபவனையும் முன்னிறுத்தி ஆராயப்பட்டு வந்த இவ்வினாக்களை இருபதாம் நூற்றாண்டு மோட்டார் வாகனத்தின் கூரைமேல் ஏற்றிவைத்தது. கூரையை மடக்கித் திறந்த வெளியில் ஓட்டத்தக்க கன்வேர்ட்டிபிள் என்னும் காரும், நிலையான உருக்குக் கூரையுடன் அமைந்த கூப்பே என்னும் காரும் பல வேளைகளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து, ஒரே இயந்திரத்தோடு வெளிவருவன. வண்டி தலைகீழாகப் புரளும் கணத்திலேதான் இரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாடு தெரியவரும். அக்கணத்தில் உள்ளிருப்பவனின் தலைக்கும் தரைக்கும் நடுவே ஒன்றில் உருக்கு இருக்கிறது. மற்றதிற் சீலை இருக்கிறது.

இது செல்வர்தம் விளையாட்டுப் பொருள் பற்றிய விவகாரம் என மேலெழுந்தவாரியாக நோக்குவோருக்குத் தோன்றலாம். மருதமுனை போன்ற ஒரு கரையோர நெசவூரில் விளையாட்டுக் கார்களைக் காண்பது அரிது என்பதும் உண்மையே. ஆயினும், சீலைக் கூரையின் கீழ் மனிதர் பிரயாணஞ் செய்யும் காட்சி அங்கு அரிதன்று. கல்முனை மட்டக்களப்புப் பிரதான வீதியில் நாள்முழுதும் ஓடும் முச்சக்கர வண்டிகள் யாவும் அத்தகையனவே. ஆகவே, கன்வேர்ட்டிபிள் காரைக் குறித்து எழுந்த விவாதம் முச்சக்கர வண்டிக்கும் பொருந்துமா, பொருந்தாதெனின் ஏன் பொருந்தவில்லை என்பதை ஆராய்வது பயனுடைத்து.

முதலில் வாகனம் ஏன் புரள்கிறது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வளைவிலே திரும்பும் வண்டியை மையநீக்க விசை வெளிப்புறமாகத் தள்ளுகிறது என்பது பொதுவழக்கு. அத்தள்ளலுக்கு ஈடுகொடுப்பவை இரண்டு: சில்லுகளுக்கிடையேயுள்ள அகலம், வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். அகலத்தின் பாதியை உயரத்தால் வகுத்தால் வரும் எண் பெரிதாயின் வண்டி புரள்வது கடினம், சிறிதாயின் எளிது. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் 2001ஆம் ஆண்டின் வாகனங்களிலிருந்து இவ்வெண்ணையே அடிப்படையாகக் கொண்டு வாகனங்களைத் தரப்படுத்தி வந்துள்ளது. சாதாரணக் கார்களுக்கு இவ்வெண் 1.3 முதல் 1.5 வரை அமைவது வழக்கம். தாழ்ந்து அகன்ற விளையாட்டுக் கார் இவ்வகையிற் பாக்கியம் பெற்றது; அது தானாகப் புரள்வது அரிது. எனினும், புரள்வுகளிற் பெரும்பாலானவை வெறும் வளைவினால் நேர்வனவல்ல. பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும் சில்லு வீதியோரக் கல்லிலோ பள்ளத்திலோ இளகிய மணலிலோ தட்டுப்படும்போது, ஓடுபவனின் கால் இடறியது போல, வண்டி குப்புற விழுகின்றது. அவ்வாறு இடறுவதற்குத் தாழ்ந்த காரும் விலக்கன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விபத்துகளிற் புரள்வுகள் நூற்றுக்கு மூன்றிலும் குறைவாயிருக்க, வாகனத்தினுள் இருந்து உயிரிழந்தோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் புரள்வினாலேயே இறந்தனர் என அந்நாட்டுக் கணக்குகள் காட்டியுள்ளன. அரிதாக வருவதாயினும், வந்தாற் கொல்வது இது.

இவ்வுண்மை தெரிந்த பின்னர் சட்டம் என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நாடர் என்னும் சட்டத்தரணி எழுதிய நூலொன்று, ஷெவ்ரோலே கோர்வெயார் என்னும் காரின் பின்சில்லு அமைப்பு அதனைப் புரளச் செய்யக்கூடியது எனக் குற்றஞ் சாட்டியது. விபத்து என்பது சாரதியின் தவறு மாத்திரமன்று, செய்தவனின் பொறுப்புமாகும் என்னும் எண்ணத்தை அந்நூல் பரப்பியது. அடுத்த ஆண்டிலேயே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கூரை எவ்வளவு பாரத்தைத் தாங்கவேண்டும் என்னும் விதி 1973இல் நடைமுறைக்கு வந்தது; வாகன எடையின் ஒன்றரை மடங்கு என அன்று வைக்கப்பட்ட அளவு, 2009இல் மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. ஆயின் இவ்விதியிலிருந்து கன்வேர்ட்டிபிள் கார்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 1972இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றும், திறந்த கார்களை ஒழித்துவிடுவது பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை எனும் கருத்தையே முன்வைத்தது. எனினும் அச்சம் அகலவில்லை. 1975இல் அறிமுகமான ட்ரையம்ஃப் டீ.ஆர். 7 என்னும் பிரித்தானிய விளையாட்டுக் கார், வரப்போவதாகக் கருதப்பட்ட தடையை எண்ணி நிலைக்கூரையோடு மட்டுமே வெளிவந்தது. தடை வாராது போகவே, 1979இல் அதன் திறந்த வடிவம் பிறந்தது. 1976இல் கடிலாக் நிறுவனம் தன் திறந்த காரை அமெரிக்காவின் இறுதிக் கன்வேர்ட்டிபிள் என விளம்பரஞ் செய்து விற்றது. ஆறாண்டுகள் கழிய, 1982இல் கிரைஸ்லர் நிறுவனம் அவ்வகைக் காரை மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது.

தடையும் முழு விடுதலையும் என்னும் இரண்டுக்கும் நடுவே பொறியியலாளர் ஒரு வழி கண்டனர். 1965இல் காட்சிக்கு வந்த போர்ஷ் டார்கா, கூரையைக் கழற்றிய பின்னரும் ஆசனங்களுக்குப் பின்னே அகன்ற உருக்கு வளைவொன்றை நிலையாக வைத்திருந்தது. 1989இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் மேலும் ஒருபடி சென்று, வண்டி புரளத் தொடங்குவதை உணர்ந்தவுடன், ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரத்தினுள் தானே நிமிர்ந்தெழும் காப்பு வளைவைத் தன் திறந்த காரிற் பொருத்தியது. இன்று நிலை என்ன? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று, அண்மைக்காலக் கன்வேர்ட்டிபிள் கார்களின் சாரதிகள் இறக்கும் வீதம் ஏனைய கார்களினதைவிட உயர்ந்ததன்று எனக் கண்டது. அதேவேளை, உயிர்ச்சேத விபத்துகளில் வெளியே தூக்கியெறியப்பட்டோரின் பங்கு திறந்த கார்களிற் சற்று அதிகமாயிருந்தது. நிதானமாக ஓட்டுதலும் ஆசனப்பட்டி அணிதலும் உருக்குக் கூரையின் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யலாம். புரள்வு நேர்ந்துவிட்ட கணத்திலோ, கூரையின்மை கூரையின்மையே என்பது இதனாற் பெறப்படும்.

சட்டம் அளித்த இவ்விலக்கு ஒழுக்க நோக்கிற் சரியானதா? இவ்விடத்தில் ஜோன் ஸ்ருவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் வரும் ஓர் உதாரணம் துணைபுரியும். உடைந்துவிழும் நிலையிலுள்ள பாலமொன்றிற் காலடி வைக்கப் போகிறான் ஒருவன். அதன் நிலை அவனுக்குத் தெரியாது; எச்சரிக்கவும் நேரமில்லை. அப்போது அவனைப் பிடித்து இழுத்தல் அவனது சுதந்திரத்தைப் பறித்தலாகாது. ஏனெனில் ஆற்றில் விழுவது அவனது விருப்பமன்று. ஆனால் ஆபத்து நிச்சயமானதன்றிச் சாத்தியமானதாக மட்டும் இருந்து, அதனை அறிந்த பின்னரும் அவன் கடக்க விரும்புவானாயின், எச்சரிப்பதோடு பிறர் நின்றுகொள்ள வேண்டும் என்பது மில்லின் முடிவு. கன்வேர்ட்டிபிள் காரை வாங்குபவன் இவ்விரண்டாமவனை ஒத்தவன். கூப்பே அவன் கண்முன்னே கடையில் நிற்கிறது. பெரும்பாலும் கூடிய விலை கொடுத்தே அவன் கூரையை இழக்கிறான். காற்றும் வெயிலும் வானமும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. அவற்றிற்கு ஒரு சிறு ஆபத்தை விலையாகக் கொடுக்க அவன் உடன்படுவதை மூடத்தனம் என்று கூறலாம். அநீதி என்று கூறவியலாது.

இனி மருதமுனையின் வீதிக்கு வருவோமாக. தெற்கே பாண்டிருப்பையும் வடக்கே பெரியநீலாவணையையும் எல்லையாகக் கொண்டு, கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர் அது. கைத்தறிச் சாரனும் சேலையும் அதன் பெயரைத் தூர இடங்களுக்குக் கொண்டுசென்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கரையோரத்தைத் தாக்கிய துயரை அவ்வூர் மறந்ததில்லை. அத்தகைய ஊரில் நோயாளியை வைத்தியசாலைக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கும், நெய்த சாரன் கட்டைக் கடைக்கும் கொண்டுசெல்வது பெரும்பாலும் முச்சக்கர வண்டியே. மெல்லிய குழாய்ச் சட்டகத்தின்மேல் இழுத்துக் கட்டிய சீலைக் கூரை, திறந்த பக்கங்கள், பட்டியில்லாத பின்னாசனம் ஆகியவையே அதன் அமைப்பு. திறந்த கார் எனுஞ் சொல்லுக்கு உருவத்தால் இதுவும் உரியதே.

ஆனால் அதன் இயல்பு விளையாட்டுக் காரின் இயல்புக்கு நேர்மாறானது. நான்கு சில்லு வண்டி புரளும்போது ஒரு பக்கத்துச் சில்லுகள் இரண்டையும் இணைக்கும் கோட்டின்மேற் சரிகிறது. முன்னே ஒற்றைச் சில்லுடைய வண்டியோ, அம்முன்சில்லையும் பின்சில்லுகளில் ஒன்றையும் இணைக்கும் சாய்ந்த கோட்டின்மேற் சரிகிறது. எனவே பாரம் முன்னோக்கி நகர நகர அதன் பயன்தரும் அகலம் குறைகிறது. வளைவிலே திரும்பிக்கொண்டு பிரேக்கை அழுத்தும் சாரதியும், தன்னருகே ஓராளை அமர்த்திக்கொள்ளும் சாரதியும், அறியாமலே தம் வண்டியை ஒடுக்குகின்றனர். கூரைமேற் சாரன் கட்டை ஏற்றுபவன் அதன் புவியீர்ப்பு மையத்தை உயர்த்துகிறான். காபட் வீதியின் விளிம்பிலிருந்து கரையோர மணலுக்குள் ஒரு சில்லு இறங்கினால், முன்னர்க் கூறிய இடறல் அங்கே ஆயத்தமாயிருக்கிறது. புரளுதற்கு அரிய காரின் கூரையைக் கழற்றியவர் செல்வர்; புரளுதற்கு எளிய வண்டி கூரையின்றியே வறியவருக்கு வாய்த்தது.

இவ்விடத்தில் மில்லின் பாலம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. அவர் இருவரைப் பற்றிக் கூறினார்: ஆபத்தை அறியாதவன் ஒருவன், அறிந்தும் விரும்பியவன் மற்றவன். முச்சக்கர வண்டியிற் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவிலே வைத்தியசாலைக்கு விரையும் தாய் இவ்விருவரில் யார்? வண்டி ஆட்டங் காண்பதை அவள் அறியாதவளல்லள். வளைவுதோறும் கம்பியைப் பற்றிக்கொள்ளும் அவளது கையே அதற்குச் சாட்சி. விரும்பி ஏற்றவளும் அல்லள். கூரையுள்ள வேறு வாகனம் அவளுக்காக வாசலில் நிற்கவில்லை. அறிந்திருந்தும் வேறு பாலமில்லாமையாற் கடப்பவள் அவள். இம்மூன்றாவது வகையினரை எச்சரித்தல் வீண், தடுத்தலோ கொடுமை. எச்சரிக்கை அவளுக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லாது. தடை அவளை இக்கரையிலேயே நிறுத்திவிடும். அவள்பால் சமூகத்திற்குள்ள கடமை ஒன்றே: பாலத்தைச் செப்பனிடுதல்.

இது வெறும் கற்பனை வாதமன்று என்பதை இப்பிரதேசத்தின் அண்மைத் துயரமொன்று உணர்த்தும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரமொன்று கவிழ்ந்து, மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர் பலர் உயிரிழந்தனர். அங்கே கொன்றது நீரேயன்றிக் கூரையின்மையன்று. எனினும் இவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்றுண்டு. வெள்ள நாட்களில் உழவு இயந்திரமே ஆட்களை ஏற்றிச்செல்லும் வாகனமாவது இக்கரையோரத்தின் நெடுநாள் வழக்கம். மனிதரை ஏற்றுவதற்கென்று அமையாத வாகனம், வேறு வழியின்மையால், மனிதரை ஏற்றும் வாகனமாகி விடுகிறது. பிள்ளைகளின் விடயத்தில் இந்நிலை இன்னும் கடுமையானது. பிள்ளை ஆபத்தைத் தேர்வதுமில்லை, மறுப்பதுமில்லை. பெரியோர் ஏற்றிய வண்டியில் அது ஏறுகிறது. அதன் சார்பாகத் தேரும் ஒவ்வொருவரும் அதன் ஆபத்துக்குப் பொறுப்பாளராவர்.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உள. பாதுகாப்பைக் கூட்டினால் மனிதன் அசட்டையைக் கூட்டிவிடுவான் என்பது ஒன்று. சாம் பெல்ற்ஸ்மன் என்னும் பொருளியலாளர் 1975இல் இவ்வாதத்தை விரிவாக முன்வைத்தார்: பாதுகாப்பான வாகனத்தின் சாரதி துணிந்து வேகங்கொள்வதால், காக்கப்பட்ட உயிருக்கு ஈடாக வீதியிற் செல்லும் வேறோர் உயிர் போகும் என்பது அதன் சாரம். திறந்த காரின் சாரதிகள் பற்றிய மேற்குறித்த ஆய்வு முடிவும், ஓரளவு, இதற்குத் துணைநிற்பதாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. ஆபத்தை உணர்ந்து நிதானமாக ஓட்டும் சாரதி தன் கையில் வளையத்தை வைத்திருப்பவன். பின்னாசனத்திலிருப்பவளின் அச்சம் வண்டியின் வேகத்தைக் குறைக்கமாட்டாது. ஒருவரின் அச்சத்தை மற்றொருவரின் நிதானத்துக்கு விலையாக்குவது நீதியன்று.

விதியின் பெயரால் எழும் எதிர்வாதம் மற்றொன்று. வருவது வந்தே தீரும். பட்டியும் கம்பியும் என்ன செய்யும் என்று நல்லோரும் சிலவேளை கூறுவதுண்டு. சிரியாவிற் கொள்ளைநோய் பரவியிருந்த காலத்தில் அங்கு செல்லப் புறப்பட்ட கலீபா உமர் (றழி) இடைவழியில் திரும்பத் தீர்மானித்தார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீரோ என அபூ உபைதா (றழி) வினவினார். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்வதாக விடையிறுத்த உமர், ஒருபுறம் செழிப்பும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கிலே ஒட்டகங்களை எப்புறம் மேய்த்தாலும் அதுவும் விதியின்பாற்பட்டதே என விளக்கியதாக வரலாறு கூறும். முன்னெச்சரிக்கை நம்பிக்கையின் பகையன்று. அதுவும் மனிதனுக்கு விதிக்கப்பட்ட வழிகளுள் ஒன்றே.

மூன்றாவது எதிர்வாதம் ஏழைச் சாரதியின் சார்பில் எழுவது, அதுவே கனமானது. கடனுக்கு வண்டி வாங்கி, நாட்கூலி போல உழைப்பவன்மீது மேலுஞ் செலவைச் சுமத்தலாமா? மேலும், கனத்த உருக்குக் கூரையொன்றை அவ்வண்டியின் உச்சியில் ஏற்றினால், புவியீர்ப்பு மையம் உயர்ந்து, காக்க வந்த கூரையே வண்டியைக் கவிழ்க்கவுங்கூடும். இவ்வாதத்தில் உண்மையிருக்கிறது. கூப்பேயின் கூரையைப் பெயர்த்து முச்சக்கர வண்டியில் வைத்துவிட முடியாது. எனவே செப்பனிடுதல் என்பது உச்சியிலிருந்தன்று, அடியிலிருந்தே தொடங்கவேண்டும். உள்ளிருப்பவர் வெளியே எறியப்படாதவாறு பக்கங்களை அடைக்கும் கம்பி, பாரத்தைக் கூரைமேலன்றித் தாழ்வாக ஏற்றும் வழக்கம், வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்கும் பயிற்சி, வீதியின் விளிம்புக்கும் மணலுக்குமிடையே படியில்லாத சமதளம் என்பவற்றுட் பல பெருஞ்செலவு வேண்டாதவை. அகன்ற அடித்தளமும் இலேசான, ஆனால் உறுதியான சட்டகமும் வண்டியைச் செய்பவரின் பங்கு. வீதி அரசின் பங்கு. வேகம் சாரதியின் பங்கு. ஆசனத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு ஏறாதிருத்தல் பிரயாணியின் பங்கு. இப்பங்கீட்டில் ஏழைச் சாரதியின் தோளில் மட்டும் முழுப்பாரத்தையும் ஏற்றுவது, அவன் வண்டியின் கூரைமேற் சாரன் கட்டை ஏற்றுவது போன்ற தவறேயாகும்.

இப்பங்கீடு நடைமுறைக்கு ஒவ்வாததென எண்ணவேண்டியதில்லை. 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் மூன்றுமுனை ஆசனப்பட்டியை வடிவமைத்தபோது, ஏனைய உற்பத்தியாளரும் அதனைப் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. உயிர்காக்கும் அறிவு விற்பனைப் பொருளாக மாத்திரம் இருத்தலாகாது என்பதற்கு அது நற்சான்று. இலங்கையில் 2011ஆம் ஆண்டு கார்களின் முன்னாசனத்திலிருப்போருக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றிச் செல்வது குற்றம் என்பதையும் மக்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். முச்சக்கர வண்டியின் பின்னாசனம் மட்டும் இவ்வக்கறையின் எல்லைக்கு அப்பால் நிற்பதற்கு ஒழுக்கநியாயம் எதுவுமில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, கன்வேர்ட்டிபிளா கூப்பேயா என்னும் வினாவுக்கு ஒழுக்கவியல் தரும் விடை, எது கூடிய ஆபத்துடையது என்பதில் தங்கியிருக்கவில்லை. ஒரே அளவான ஆபத்து ஒருவனுக்கு உரிமையாகவும் இன்னொருத்திக்கு அநீதியாகவும் அமையலாம். கடையிலே இரு கார்களையும் பார்த்து, ஒன்றைத் தெரிந்தெடுத்தவனின் தலைக்குமேல் வானம் திறந்திருப்பது அவனது விருப்பம், அதனை மதிக்கலாம். தெரிவு செய்வதற்கு இரண்டாவதொன்று இல்லாதவளின் தலைக்குமேல் சீலை படபடப்பதோ அவளது விருப்பமன்று. அவளைச் சூழ்ந்துள்ள சமூகம் இன்னும் செய்து முடிக்காத கடமையின் அடையாளம் அது. இழை அறுந்தால் முடிச்சிட்ட பின்னரே தறியைத் தொடர்ந்து இயக்குவது நெசவாளரின் இயல்பு. அறுந்திருப்பது எது என்பதை அறிந்துகொண்ட சமூகத்திற்கும் அதுவே முறையாகும்.